கொலம்பஸ் படகும் பத்தாம் வகுப்புப் பாடமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த கையோடு பள்ளிக்கூட வாசல்களில் சுற்றுலா பஸ்கள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். பெற்றோர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் சீட்டில் 'கல்விச் சுற்றுலா' என்றிருக்கும். பஸ் போவது தீம் பார்க்குக்கு. இதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கட்சி உண்டு. கல்வி என்று பெயர் வைத்துவிட்டுப் பிள்ளைகளை ராட்டினம் சுற்ற அழைத்துப் போவதா என்பது ஒன்று. வருஷம் பூராவும் படிக்கிற பிள்ளைகள் ஒருநாள்தான் ஆடிவிட்டு வரட்டுமே என்பது இன்னொன்று. எதிரெதிராகத் தெரிந்தாலும் ஒரு விஷயத்தில் இரு கட்சிக்கும் ஒரே கருத்துதான்: பார்க்கில் படிக்க ஒன்றும் கிடையாது. எங்கள் மறுப்பு அந்த இடத்தில்தான்.

'கல்வியும் வேணும், கேளிக்கையும் வேணும்' என்று இரண்டையும் சமன் செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நேரத்தைப் பங்கு போடுகிறார்கள். பார்க் தரப்பில் ஒரு ஏசி அறையைக் கட்டி 'சயின்ஸ் ஹால்' என்று பலகை மாட்டி, வந்தவுடன் பிள்ளைகளை அரை மணி நேரம் உட்காரவைத்துப் படம் காட்டுவார்கள். பள்ளித் தரப்பில் இருபது கேள்வி அச்சடித்த தாளை நீட்டி, 'நிரப்பிக்கொண்டு வந்தால்தான் மதியச் சாப்பாடு' என்பார்கள். முதலாவதில் பிள்ளைகளின் கண் ஜன்னலுக்கு வெளியே இருக்கும். இரண்டாவதில் ஒரு பிள்ளை எழுத, நாற்பது பிள்ளைகள் பார்த்து எழுதும். இரண்டிலும் படிப்பு டோல்கேட் மாதிரி வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. காசைக் கட்டிவிட்டு வண்டியை விடத்தான் பார்ப்பார்கள்.

இந்தப் பிழையை உலகத்திலேயே பெரிய அளவில் செய்து பார்த்த இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் டிஸ்னி நிறுவனம் 1982 அக்டோபர் 1 அன்று திறந்த எப்காட் என்ற தீம் பார்க். போக்குவரத்து, தகவல் தொடர்பு, வேளாண்மை, ஆற்றல் என்று ஒவ்வொரு துறைக்கும் ஒரு பெரிய அரங்கம். ஆற்றல் அரங்கத்தைத் தாங்கிப் பிடித்தது எக்ஸான் எண்ணெய் நிறுவனம். தியேட்டர் இருக்கைகளே பிரிந்து வண்டிகளாக நகர்ந்து, டைனோசர்கள் நடுவே புகுந்து வெளியே வரும். கருவி அற்புதம்தான். ஆனால் முக்கால் மணி நேரம் ஓடும் அந்தச் சவாரியில் பெரும்பகுதி உட்கார்ந்து கேட்க வேண்டிய பிரசங்கம். 1996-ல் ஒரு நகைச்சுவை நடிகையைக் கொண்டுவந்து கலகலப்பாக்கிப் பார்த்தார்கள். அறிவியல் செய்தியோ படம் எடுத்த வருஷத்தோடு உறைந்து நின்றது. 2017-ல் மூடிவிட்டு, அதே கட்டடத்தோடு சேர்த்து விண்வெளிக் கதை ஒன்றைச் சொல்லும் ரோலர் கோஸ்டரை 2022-ல் திறந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், முக்கால் மணி நேரம் ஆற்றலைப் பற்றிப் பேசிய இடத்தில் இப்போதுதான் ஆற்றல் நேரடியாக ஓடுகிறது, பயணியின் முதுகுத்தண்டு வழியாகவே. அதை எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை.

அதே எப்காட்டில் 1982-ல் தொடங்கி இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிற இன்னொரு சவாரி, வேளாண் அரங்கத்துப் படகு. பெயர் மாறியிருக்கிறது, தொடக்கக் காட்சிகள் மாறியிருக்கின்றன, நடுக்கூறு மாறவில்லை. படகு மெல்லப் பசுமைக்குடில்களுக்குள் போகும். மண்ணே இல்லாமல், அந்தரத்தில் தொங்கும் வேர்கள்மேல் சத்துநீரைத் தெளித்துச் செடி வளர்ப்பதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். அங்கே விளையும் காய்கறி அந்தப் பார்க்கின் சாப்பாட்டுக் கடைகளுக்கே போகிறது. போன மாதம் பிஞ்சாக இருந்தது இந்த மாதம் காயாகத் தொங்கும்; படத்தை மாற்ற வேண்டிய வேலையே இல்லை. பாடம் வேறு பொருள் வேறு என்று பிரியாத இடத்தில் சமன் செய்ய என்ன இருக்கிறது? முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் ஊர் ஊராகப் பிரித்துக்கொண்டு வந்து நிறுத்திய பழைய வீடுகளின் திண்ணையில் பிள்ளைகள் தாமாகவே போய் உட்காருவதும் இந்த வகைதான்.

இனி நம் ஊர்ப் பார்க்குக்கு வருவோம். அங்கே கட்ட வேண்டிய ஹால் ஏதுமில்லை. ராட்டினங்கள் நிற்கின்றன, அது போதும்.

கொலம்பஸ் படகை எடுத்துக்கொள்ளுங்கள். பொருட்காட்சியிலிருந்து பெரிய பார்க் வரை எங்கும் இருப்பது. 'இதை ஆட்டுகிற மோட்டார் எங்கே இருக்கிறது?' என்று பிள்ளைகளைக் கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் மேலே, படகு தொங்கும் தண்டைக் காட்டுவார்கள். படகின் அடிவயிற்றைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். மேடைக்குக் கீழே ஒரு ரப்பர் டயர் தெரியும். படகு தாழ்ந்து கடக்கிற அந்த ஒரு கணம் மட்டும் டயர் படகின் அடியில் உரசித் தள்ளும். மறுபடி வரும்போது எதிர்த்திசையில் தள்ளும். ஊஞ்சலை ஆட்டிவிடும் அக்கா செய்கிற அதே வேலை. சரியான நேரத்தில் சின்னத் தள்ளு, அவ்வளவே. தப்பான நேரத்தில் தள்ளினால் அதே டயர்தான் பிரேக். ஒத்ததிர்வு என்ற சொல்லைப் பதினோராம் வகுப்பில் பார்க்கும் பிள்ளைக்கு இந்த டயர் ஞாபகம் வந்தால், அந்தப் பாடத்துக்கு வேறு படமே வேண்டாம்.

அடுத்து, அலைவு நேரம், அதாவது படகு ஒரு தடவை போய்த் திரும்பிவர ஆகும் நேரம். தண்டிலிருந்து படகின் நடு இருக்கை வரை 10 மீட்டர் என்றால், சிறு ஊசலுக்கான சூத்திரப்படி ஒரு முழு அலைவுக்கு 6.3 நொடி. படகு ஒரு பக்கம் 60 பாகை வரை ஏறினால் அதில் 7 விழுக்காடு கூடி ஏறக்குறைய 6.8 நொடி. கீழே நின்றுகொண்டு ஸ்டாப்வாட்சில் அளக்கலாம். பிள்ளைகள் இங்கே வழக்கமாகச் செய்யும் தப்பு இரண்டு. ஒன்று, ஒரே ஒரு அலைவை அளப்பது. பொத்தானை அழுத்தும் கைக்குத் தொடக்கத்தில் ஒரு 0.2 நொடி, முடிவில் ஒரு 0.2 நொடி பிசகலாம். ஆறு சொச்சம் நொடியில் அது 6 விழுக்காடு, நாம் தேடுகிற வித்தியாசத்தையே விழுங்கிவிடும். மூன்று அலைவுகளைச் சேர்த்து அளந்து மூன்றால் வகுத்தால் பிசகு 2 விழுக்காடாகச் சுருங்கும். இரண்டாவது, டயர் தள்ளும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அளப்பது. சவாரியின் நடுவில் டயர் சத்தம் அடங்கி, படகு ஒரே உயரத்துக்குப் போய்வரும் சில அலைவுகளை மட்டும் எடுக்க வேண்டும். இவ்வளவு செய்தும் விடை சூத்திரத்தோடு அச்சாகப் பொருந்தாது. பொருந்தாமல் போவதுதான் நல்லது. படகு ஒரு புள்ளி அல்ல, இரும்புக் கைகளுக்கும் எடை உண்டு, ஆட்களும் நீள வாக்கில் பரவி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை அப்போதுதான் பேச முடியும். கூட்டம் நிறைந்த படகுக்கும் காலிப் படகுக்கும் அலைவு நேரத்தில் பெரிய மாற்றம் இல்லை என்பதைப் பார்த்துவிட்டால் பாதி வகுப்பு நம்ப மறுக்கும். மறுபடி அளப்பார்கள். அளக்கட்டும்.

'எந்த வரிசையில் உட்கார்ந்தால் வயிறு அதிகமாக ஜிவ்வென்று இழுக்கும்?' இந்தக் கேள்வியைப் பார்க்கில் கேட்கக் கூடாது. போகும் வழியில் பஸ்ஸில் கேட்டுக் கை தூக்கவைத்து எண்ணிக்கையை எழுதிக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்பு அறிவியலின் முதல் பாடமே இயக்க விதிகள்தான். லிஃப்ட் இறங்கத் தொடங்கும்போது எடை குறைவதாகத் தோன்றுவது அதில் இருக்கிறது. படகு 60 பாகையில் ஒரு கணம் நிற்கும்போது நடு வரிசைக்காரரின் தோற்ற எடை பாதியாகிறது. கடைசி வரிசைக்காரர் அதே கணத்தில் இன்னும் 20, 25 பாகை மேலே இருக்கிறார். அவருக்குக் கால்வாசிக்கும் கீழே போய்விடுகிறது. படகு தாழ்ந்து அடியைக் கடக்கையில் நடு வரிசையில் எடை இரண்டு மடங்கு: 40 கிலோ பிள்ளையை இருக்கை 80 கிலோவைத் தாங்குவதுபோலத் தாங்கும். கருவி எதுவும் இல்லாமலே இதைச் சோதிக்கலாம். ஒரு கை கம்பியை இறுகப் பிடித்திருக்க, இன்னொரு கையைத் தொடைமேல் வைத்து, படகு அடியைக் கடக்கும்போதும் உச்சியில் நிற்கும்போதும் ஒரு அங்குலம் மட்டும் தூக்கிப் பார்ப்பது. கீழே ஈயமாகக் கனக்கும் கை, உச்சியில் தானாக மிதக்கும்.

கருவி வேண்டும் என்பவர்களுக்கு போனே போதும். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தார் செய்த ஃபைபாக்ஸ் என்ற செயலி இலவசம். அதில் ஈர்ப்போடு சேர்ந்த முடுக்கத்தை, திசை பாராமல் மொத்த அளவாகக் காட்டும் கோடு ஒன்று உண்டு. போன் எப்படிக் கிடந்தாலும் பரவாயில்லை. நின்றால் 9.8 காட்டும். நேரம் குறித்துத் தானாகத் தொடங்கும்படி வைத்து, ஜிப் உள்ள பையில் போட்டு மூடி ஏற வேண்டும். சில போன்களின் உணரி இரண்டு மடங்கு ஈர்ப்போடு நின்றுவிடும், கோட்டின் தலை கத்தியால் சீவியதுபோல் 19.6-ல் தட்டையாக இருக்கும். அதை உண்மை அளவென்று எழுதிவிடக் கூடாது. பார்க் அனுமதித்தால் மட்டுமே இதெல்லாம். கையில் பிடித்து அளக்கும் எதையும் சவாரிமேல் கொண்டுபோகக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. 20 மீட்டர் உயரத்திலிருந்து நழுவும் ஒரு நட்டு, கீழே வரும்போது மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். கீழே வரிசையில் நிற்பது பிள்ளைகள்.

செயின் ராட்டினத்தில் இன்னும் எளிது. சங்கிலியில் நாற்காலிகள் தொங்கும், சுற்றும்போது வெளிப்பக்கம் சாயும் அந்த ராட்டினத்தைத் தூரத்தில் நின்று பாருங்கள். பருமனான பி.டி. மாஸ்டர் உட்கார்ந்த நாற்காலியும் மூன்றாம் வகுப்புப் பொடியன் உட்கார்ந்த நாற்காலியும் ஒரே கோணத்தில்தான் சாய்ந்திருக்கும். யாரும் ஏறாத காலி நாற்காலிகூட ஏறக்குறைய அதே சாய்வு. காற்றும் சங்கிலியின் சொந்த எடையும் கொஞ்சம் மாற்றும், அவ்வளவுதான். சாய்வை முடிவு செய்வது வேகமும் வட்டத்தின் ஆரமுமே, எடையல்ல. சங்கிலி 45 பாகை சாய்ந்திருந்தால் மையநோக்கு முடுக்கம் சரியாகப் புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமம். சாய்ந்த நிலையில் ஆரம் 8 மீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 5.7 நொடி வர வேண்டும். ஸ்டாப்வாட்சில் ஐந்து சுற்று அளந்து பார்த்துவிடலாம். இந்த ராட்டினத்தின் பக்கத்தில் 'மையவிலக்கு விசை உங்களை வெளியே தள்ளுகிறது' என்று பலகை வைப்பது எளிது. தரையில் நின்று பார்க்கிறவருக்கு வெளியே தள்ளும் விசை எதுவும் கிடையாது. நேர்க்கோட்டில் போகத் துடிக்கும் உடம்பைச் சங்கிலி உள்ளே இழுக்கிறது. வெளியே தள்ளுவதாகத் தோன்றுவது ராட்டினத்தோடு சேர்ந்து சுற்றுகிறவருக்கு மட்டும். அதைப் போலி விசை என்று பாடப்புத்தகமே சொல்லும். தப்பான பலகைக்குப் பலகை இல்லாமலிருப்பது மேல்.

ஜெயன்ட் வீல் பத்தாம் வகுப்புக் கணக்குக்கு உரியது, உயரங்களும் தொலைவுகளும். அட்டையில் பெரிய அரைவட்டம் வரைந்து பாகை குறித்து, நேர் விளிம்பில் இளநீர் ஸ்ட்ரா ஒன்றை ஒட்டி, மையத்திலிருந்து நூலில் ஒரு கனமான நட்டைத் தொங்கவிட்டால் கோணமானி தயார். நட்டு லேசாக இருந்தால் காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும், அளக்க முடியாது. ஸ்ட்ரா வழியாக உச்சிப் பெட்டியைப் பார்க்கும்போது நூல் 50-ல் நின்றால் ஏற்றக்கோணம் 40. தொண்ணூறிலிருந்து கழிக்க மறப்பவர்கள் வகுப்புக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்களுடைய ஜெயன்ட் வீல் கோயில் கோபுரத்தைவிடப் பெரிதாக வந்து நிற்கும். பி.டி. மாஸ்டரிடம் நீளம் தாண்டுதலுக்கு இருக்கும் 30 மீட்டர் டேப்பை வாங்கிக்கொண்டு போனால் தூரம் தெரிந்துவிடும். உச்சிப் பெட்டிக்கு நேர் கீழிருந்து 30 மீட்டர் தள்ளி நின்று 40 பாகை என்றால் 25.2 மீட்டர், அதோடு கண்ணின் உயரம் 1.4 சேர்த்து 26.6. கோணத்தில் 2 பாகை பிசகினால் உயரத்தில் 1.8 மீட்டர் பிசகும். ஆகவே விடையை '26.6' என்று எழுதாமல் '25-க்கும் 28-க்கும் நடுவில்' என்று எழுதப் பழக்கலாம். பரீட்சைத் தாளில் கோணம் பெரும்பாலும் 30, 45, 60 என்றே வருவதால் இந்தப் பழக்கத்துக்கு அங்கே வழியில்லை.

அதே வீலை இயக்குகிறவர் ஆள் ஏற்றும் முறையையும் கவனிக்கச் சொல்லுங்கள். சின்ன வீல்களில் அடுத்தடுத்த பெட்டிகளை நிரப்பமாட்டார். ஒன்றை ஏற்றிவிட்டுச் சக்கரத்தை அரைச்சுற்று சுற்றி எதிர்ப்பெட்டியை ஏற்றுவார். ஒரே பக்கம் கனத்தால் திருப்புத்திறன், அதாவது சக்கரத்தைச் சுழற்றப் பார்க்கும் வலு, ஒரு பக்கமாக இழுக்கும், மோட்டார் திணறும், நிறுத்தினால் பின்னுக்குச் சுற்றும். அவர் அதைத் திருப்புத்திறன் என்று சொல்லமாட்டார், 'பேலன்ஸ்' என்பார். பிள்ளைகள் அவரிடமே கேட்டு எழுதி வரட்டும். வாழ்நாளில் ஒரு தடவைகூட எந்த மாணவரும் அவரைச் 'சார்' என்று கூப்பிட்டுக் கேள்வி கேட்டிருக்கமாட்டார்.

உச்சிக்கு ஏற்றி அங்கிருந்து சட்டென்று விழவிடும் ஃப்ரீ ஃபால் டவர் உள்ள பார்க் என்றால் ஒரு முன்னேற்பாடு பள்ளியிலேயே செய்ய வேண்டும். ஏசி மெக்கானிக்கிடம் மிஞ்சிய செம்புக் குழாய் ஒரு முழம், அதற்குள் சற்றே தளர்வாக நுழையும் நியோடிமியம் காந்த வில்லை ஒன்று. காந்தம் செம்பில் ஒட்டாது என்பதை முதலில் பிள்ளைகளே தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும். பிறகு குழாய்க்குள் ஒரு சாதாரண நட்டைப் போட்டால் 'டக்'கென்று விழும். காந்தத்தைப் போட்டால் யாரோ உள்ளே கைபிடித்து இறக்குவதுபோல மெல்ல வரும். டவரின் அடிப்பகுதியில் இருக்கும் பிரேக்கும் பல இடங்களில் இதுதான். காந்த வரிசைக்கு நடுவே உலோகத் தகடு பாயும்போது அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து இயக்கத்தை எதிர்க்கிறது. மின்சாரம் போனாலும் வேலை செய்யும், தேய்மானமும் இல்லை. வேகம் குறையக் குறைய அதன் பிடியும் குறையும், ஆகவே அதனால் முழுசாக நிறுத்த முடியாது. கடைசி நிறுத்தத்துக்கு வேறு ஏற்பாடு இருக்கும். 'கரண்ட் போனால் என்ன ஆகும்?' என்று வரிசையில் நின்று நடுங்கும் பிள்ளைக்கு இதைவிட ஆறுதலான பாடம் வேறில்லை.

வரிசை என்றதும் ஒன்று. பார்க்கில் பிள்ளைகள் அதிக நேரம் செலவிடும் இடம் ராட்டினமல்ல, வரிசை. அந்த நேரமும் கணக்குக்கு உதவும். கொலம்பஸில் 40 இருக்கை. ஓடுவது 3 நிமிடம், ஏறி இறங்கிப் பூட்ட 4 நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு 7 நிமிடம். மணிக்கு முழுசாக 8 சுற்று, 320 பேர். ஏறி இறங்கும் நேரத்தில் ஒரே ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்தால் 10 சுற்று, 400 பேர். சவாரி நேரம் ஒரு நொடிகூடக் குறையவில்லை, 80 பேர் கூடுதல். முன்னால் 200 பேர் நின்றால் காத்திருப்பு எவ்வளவு என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். தலைமை ஆசிரியர்களுக்கும் இந்தக் கணக்கு பயன்படும்: இருநூறு பிள்ளைகளை ஒரே ராட்டினத்துக்கு ஓட்டிக்கொண்டு போகாமல், நாற்பது நாற்பதாக ஐந்து திசையில் அனுப்புங்கள்.

நீர் விளையாட்டுப் பகுதிக்கு வேதியியல். குளத்தருகே 'குளோரின் வாடை தூக்குது, நிறையப் போட்டிருக்கான்' என்று சொல்வது வழக்கம். உண்மை பெரும்பாலும் நேர்மாறு. மூக்கைத் துளைக்கும் அந்த வாடை, குளோரின் நம் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமின்களுடையது. இறங்குமுன் ஷவரில் நனையச் சொல்வதற்குக் காரணம் அதுதான், பிள்ளைகளுக்கு அதை யாரும் சொல்வதில்லை. சொல்லிப் பாருங்கள், அடுத்த நிமிடமே ஷவரில் கூட்டம் கூடும். தண்ணீரில் எதோடும் சேராத தனிக் குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், அமில-காரத் தன்மையைச் சொல்லும் பி.எச். 7.2 முதல் 7.8 என்று வைத்திருப்பார்கள். சொட்டு மருந்துபோல விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒவ்வொரு குளக்காரரிடமும் உண்டு. காலை 10 மணிக்கு ஒரு தடவை, மதியம் 2 மணிக்கு ஒரு தடவை பிள்ளைகள் முன்னால் சோதித்துக் காட்டினால், வெயிலும் கூட்டமும் குளோரினை எப்படித் தின்கின்றன என்று கண்ணால் பார்ப்பார்கள். தங்கள் தண்ணீரில் நம்பிக்கை உள்ள பார்க் இதற்கு ஏன் தயங்க வேண்டும்?

நீரை நாளின் கடைசியில் வைப்பது நல்லது. ஈர உடையோடு ராட்டினம் ஏறினால் வழுக்கும். சாப்பிட்ட கையோடு சுழலும் ராட்டினங்களில் ஏற்றக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் வருஷாவருஷம் யாராவது ஏற்றுகிறார்கள். நீரில் இறங்க முடியாத நாளில் இருக்கும் பெண்பிள்ளைகளை 'ஓரமாக உட்காரு' என்று விட்டுவிடாமல், அந்த ஒரு மணி நேரமும் திறந்திருக்கும் ராட்டினம் ஒன்றை முன்கூட்டியே கேட்டு வைப்பது ஆசிரியையின் பொறுப்பில் இருக்கட்டும்.

தாள் கொடுப்பதென்றால் மூன்றே கேள்வி. ஒன்று பஸ்ஸில் ஊகிக்க, ஒன்று பார்க்கில் அளக்க, ஒன்று மறுநாள் வகுப்பில் விளக்க. குழுவுக்கு ஐந்து பேர், குழுவுக்கு ஒரு ராட்டினம். பக்கத்துக் குழுவைப் பார்த்து எழுத முடியாது. முதலில் ஏறிவிட்டு வரட்டும், பிறகு அளக்கட்டும், அளந்த பிறகு மறுபடி ஏறட்டும். ஏறுமுன் அளக்கச் சொன்னால் ஒருவர் மனமும் அதில் இருக்காது. இரண்டாவது தடவை ஏறும்போதுதான், அளந்த பிள்ளை, 'இப்ப வருது பாருடா' என்று பக்கத்துப் பிள்ளைக்குச் சொல்லும். அளவுக்கு மொத்தம் முக்கால் மணி நேரம் போதும். மீதி ஆறு மணி நேரமும் முழுக்க ஆட்டம்தான், அதில் கை வைக்காதீர்கள். மதிப்பெண்ணும் போடாதீர்கள். 'சுற்றுலா அறிக்கை' என்று ஐந்து பக்கம் கேட்கும் சுற்றறிக்கை எதுவும் மேலிருந்து வந்துவிட வேண்டாம் என்று கல்வித் துறையையும் கேட்டுக்கொள்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பணம் கட்ட முடியாமல் அன்றைக்கு வீட்டில் இருந்துவிடும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. மறுநாள் வகுப்பில் பார்க்கை வைத்துப் பாடம் நடந்தால் அவர்களுக்கு இரண்டு இழப்பு. சென்னைத் தீவுத்திடலிலும் மதுரையிலும் பொருட்காட்சி போடும்போதும், ஊர்த் திருவிழாவில் ராட்டினம் இறங்கும்போதும் வருவது இதே கொலம்பஸ், இதே ஜெயன்ட் வீல். அளப்பதற்கு டிக்கெட் வாங்கி ஏறவும் வேண்டாம், வேலிக்கு வெளியே நின்றாலே போதும். மேலே சொன்ன எல்லா அளவையும், தோற்ற எடையும் குளத்து நீர்ச் சோதனையும் நீங்கலாக, நடந்து போகிற தூரத்தில் செய்துவிடலாம். போக முடியாத பிள்ளைகளின் குழு அளந்து வந்த கணக்கும் அதே கரும்பலகையில் ஏறட்டும்.

பார்க் நடத்துகிறவர்களிடம் நாங்கள் கேட்பது புது ஹால் அல்ல. பொத்தான் அழுத்தினால் விளக்கு எரியும் காட்சிப் பெட்டிகளும் வேண்டாம். பிள்ளைகள் எல்லாப் பொத்தானையும் ஒரே மூச்சில் தட்டிவிட்டு ஓடிவிடுவார்கள், கடற்கரைச் சாலையின் உப்புக் காற்றில் ஸ்விட்ச் பாயிண்டுகள் பச்சை பூத்து, ஆறு மாதத்தில் 'பழுது' என்று அட்டை தொங்கும். சான் பிரான்சிஸ்கோவில் 1969-ல் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் தொடங்கிய எக்ஸ்ப்ளோரடோரியம் என்ற அறிவியல் காட்சியகத்தில், காட்சிப் பொருள்களைச் செய்து பழுது பார்க்கும் பட்டறையையே பார்வையாளர் கண்ணில் படும்படி வைத்தார்கள். அதுபோல, ஏதாவது ஒரு ராட்டினத்தின் மோட்டார் அறைக்கோ குளத்தின் மணல் வடிகட்டி அறைக்கோ ஒரு பக்கச் சுவரை மட்டும் கண்ணாடியாக்கினால் போதும். பள்ளிகள் வரும் வார நாட்களில், கூட்டம் சேருமுன் ஒரு மணி நேரம் ஒரே ஒரு ராட்டினத்தை அளப்பதற்கென்று ஒதுக்குங்கள். அதில் ஒரு தடவையாவது காலியாக ஓட்டிக் காட்டுங்கள்.

பிறகு, ஒவ்வொரு ராட்டினத்தின் வரிசை தொடங்கும் இடத்திலும் ஒரு தகரப் பலகை. பிள்ளைகளின் கண்மட்டத்தில், எழுத்து மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாமல், தமிழில். விளக்கவுரை வேண்டாம், எண்கள் மட்டும் எழுதுங்கள்: தண்டிலிருந்து இருக்கை வரை எத்தனை மீட்டர், ஆளில்லாமல் எடை எத்தனை டன், இருக்கைகள் எத்தனை, அதிகபட்சம் எத்தனை பாகை வரை ஏறும், மோட்டார் எத்தனை கிலோவாட், ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் மின்சாரம். ஆறு வரி. பெரும்பாலானவை ராட்டினத்தோடு வந்த கையேட்டிலேயே ஏற்கெனவே இருப்பவை. அடுத்த சுற்றுலாப் பருவத்துக்குள் பெயின்டரைக் கூப்பிட்டு எழுதி வாங்கிவிடலாம்.

இப்படிக்கு,
அறிவியல், கணித ஆசிரியர்கள் சிலர்,
செங்கல்பட்டு மாவட்டம்.